பெட்டி கட்டுவதற்கு முன்னால்

கேள்வி:

எனக்குப் பிறந்த வீடு பழைய வண்ணாரப்பேட்டை, புகுந்த வீடு தண்டையார்பேட்டை. பத்து வருடத்துக்கு மேலாக லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறோம். கணவர் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டார், எனக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான். சிகிச்சையெல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகு, இங்குள்ள கவுன்சில் (நம் ஊர் மாநகராட்சி போன்ற உள்ளாட்சி) மூலமாக நான்கரை வயதுப் பையனைத் தத்தெடுக்க முடிவு செய்தோம். ஜூலையிலிருந்து எங்களோடு இருக்கிறான். கோர்ட்டில் மனு கொடுத்தாயிற்று. டிசம்பர் 16 விசாரணை. அன்றைக்கே ஆணை கிடைத்துவிடும் என்று ஜனவரி 9-க்கு மூன்று டிக்கெட் போட்டுவிட்டோம். பெட்டிகளை ஹாலில் இறக்கிக் கட்டவும் ஆரம்பித்துவிட்டேன்.

போகியிலிருந்து காணும் பொங்கல் வரை ஊரில் இருக்க வேண்டும் என்பது மாமியாரின் ஆசை. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். திருவொற்றியூர் கோயிலில் மொட்டை போட்டு, என் அண்ணன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டுமாம். மாமனார், பின்னால் வீட்டு விஷயத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று, ரிஜிஸ்டர் ஆபீஸில் தத்துப் பத்திரம் பதிந்துவிடலாம் என்கிறார். மாமியார் இன்னொன்றும் சொல்கிறார்: "தத்துன்னு யாருக்கும் சொல்லாத. அங்கேயே பொறந்ததுன்னு சொல்லிடு. இத்தன நாள் ஏன் காட்டலன்னு கேட்டா கொரோனா, விசான்னு எதையாவது சொல்லிக்கலாம்."

ஆணையைச் சீக்கிரம் வாங்க வழி உண்டா? பத்திரம் தேவையா? மாமியார் சொல்வது போலச் சொல்லலாமா? கடைசியாக ஒன்று. ஒரு மாதமாகப் பையன் சாப்பாட்டை ஒளித்து வைக்கிறான். தலையணைக்கு அடியில் டோஸ்ட், ஸ்கூல் பையில் பாதி வாழைப்பழம். வயிறாரத்தான் கொடுக்கிறோம். ஊரில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கவலையாக இருக்கிறது.

பெயர் வேண்டாம், ஹாரோ.

பதில்:

முதலில் வாழ்த்துகள், உங்கள் மூன்று பேருக்கும். இனி நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி 9 விமானத்தை விட்டுவிடுங்கள். கோர்ட்டில் என்ன நடந்தாலும் என் பதில் இதுதான். பாதிக் காரணம் காகிதம். மீதிக் காரணம் உங்கள் பையன்.

காகிதத்தை முதலில் முடித்துவிடுவோம். டிசம்பர் 16 அன்றே நீதிபதி ஆணை போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 21 நாள் அவகாசம் உண்டு. அதுவே ஜனவரி 6 வரை போய்விடும். நடுவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை வேறு. ஆணை அங்குள்ள தலைமைப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும், தத்துப் பிள்ளைகளுக்கான பதிவேட்டில் அவன் பெயர் ஏற வேண்டும். அதன் பிறகுதான் பெற்றோர் என்ற இடத்தில் உங்கள் இருவர் பெயரும் போட்ட தத்துச் சான்றிதழ் வரும். இதற்கே சில வாரங்கள் பிடிக்கும். அந்தச் சான்றிதழின் முழுப் பிரதி இருந்தால்தான் புதுப் பெயரில் பாஸ்போர்ட் கேட்கலாம். பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாக மூன்று வாரம். பாஸ்போர்ட் வந்த பிறகுதான் இந்திய இ-விசா. எந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தாலும் ஜனவரி 9-க்குள் அடங்காது.

இதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான். பெற்றவர்கள் தங்கள் நிலைமை மாறிவிட்டது என்று சொல்லி, ஆணையை எதிர்க்க அனுமதி கேட்கலாம். அங்குள்ள சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. கவுன்சில் கொடுக்க வேண்டிய அறிக்கையில் ஏதாவது குறை என்று வாய்தா போகலாம். சீக்கிரம் முடிக்க வழி உண்டா என்று கேட்டீர்கள். இல்லை. டிக்கெட் போட்டிருக்கிறோம் என்று கோர்ட்டுக்கு எழுதவும் எழுதாதீர்கள். ஒரு பிள்ளைக்குப் பழைய குடும்பத்தோடு இருந்த சட்ட உறவை முழுசாக அறுத்துப் புதிதாக ஒன்றைப் போடுகிற ஆணை அது. அதை நிதானமாகப் போடுவதுதான் உங்களுக்கும் நல்லது. நாளைக்கு யாரும் அதில் ஓட்டை தேட மாட்டார்கள்.

ஆணைக்கு முன்பே கூட்டிப்போகலாமே என்று யாராவது சொல்வார்கள். இங்கிலாந்துச் சட்டத்தில், தத்துக்காக வைக்கப்பட்ட பிள்ளையை, அவன் யார் வீட்டில் வசிக்கிறானோ அவர்கள் ஒரு மாதத்துக்குள் திரும்புவதாக இருந்தால் வெளிநாடு கூட்டிப்போகலாம் என்பது உண்மைதான். ஆனால் அதுவரை அவன் மீதான பொறுப்பைக் கவுன்சிலும் பெற்றவர்களும் உங்களோடு பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். பழைய குடும்பப் பெயரில்தான் பயணம் செய்ய வேண்டும். இங்கே டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், எதற்கு யார் கையெழுத்து என்று நடுராத்திரியில் லண்டனுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். சட்டம் கதவை அடைக்கவில்லை, அவ்வளவுதான். நான் போகச் சொல்ல மாட்டேன்.

குடியுரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் பிரிட்டிஷ் குடிமகன் என்பதால், பையன் ஏற்கெனவே பிரிட்டிஷ் குடிமகனாக இல்லாவிட்டாலும் கோர்ட் ஆணையோடு அது வந்துவிடும். இந்தியாவுக்கு முதல் பயணத்துக்கு இ-விசா போதும். விண்ணப்பத்தில் அப்பா, அம்மா என்று கேட்கும் இடத்தில் உங்கள் பெயர்களையே எழுதுங்கள். விசா இல்லாமலே இந்தியா வந்துபோக உதவும் ஓசிஐ அட்டையைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து மாமனாரின் பத்திரம். அவருடைய அக்கறை நல்ல அக்கறை, ஆனால் பிடித்திருப்பது தப்பான பத்திரம். 1956-ஆம் வருடத்து இந்து தத்தெடுப்புச் சட்டப்படி தத்து என்றால் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் வேண்டும். கொடுக்கும் உரிமை பெற்றவர்களுக்கும், சில நிலைமைகளில் காப்பாளருக்கும்தான். ஏற்கெனவே தத்துப் போன பிள்ளையை மறுபடி தத்தெடுக்கவும் அந்தச் சட்டம் இடம் தரவில்லை. கோர்ட் ஆணையோடு உங்கள் பிள்ளையாகிவிட்டவனை ராயபுரத்திலோ வேறெங்கோ ரிஜிஸ்டர் ஆபீஸில் யார் யாருக்குக் கொடுப்பார்கள்? பத்திரம் எழுதுகிறவர் கேட்டால் எழுதித் தருவார். அது அவர் தொழில். பின்னால் ஒரு பங்காளி கேள்வி கேட்டால் முதலில் அடிபடப் போவது அந்தப் பத்திரம்தான். உண்மையான ஆணையின் மேலும் அது சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

வீடு மாமனார் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றால் உயில் எழுதட்டும். இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிந்துவைப்பது நல்லது. பேரன் பெயரைத் தத்துச் சான்றிதழில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் குறிப்பிட வேண்டும். ஆகவே சான்றிதழ் வரும் வரை அவர் பொறுக்கத்தான் வேண்டும். பரம்பரைச் சொத்து என்றாலோ, மனை கோயிலுடையது கட்டிடம் மட்டும் நம்முடையது என்றாலோ, அந்தப் பக்கமே நல்ல சிவில் வக்கீல் ஒருவரிடம் மூலப் பத்திரத்தைக் காட்டிப் பேசச் சொல்லுங்கள். வடசென்னையில் இரண்டாவது வகை வீடுகள் கொஞ்சம் உண்டு. பேரன் வந்த பிறகுதான் பல வீடுகளில் மூலப் பத்திரம் பீரோவிலிருந்து வெளியே வருகிறது.

இதைப் படிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே இந்தியாவில் தத்தெடுப்பதற்கான பாதை வேறு. மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையைக் கோர்ட்டுக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். "ஆஸ்பத்திரியில ஒரு கொழந்த இருக்காம், நர்ஸம்மா முடிச்சுத் தர்றாங்களாம்" என்ற பேச்சு காதில் விழுந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சட்டத்துக்கு வெளியே குழந்தையைத் தத்துக் கொடுப்பதும் வாங்குவதும் மூன்று வருடம் வரை சிறை, இல்லை ஒரு லட்சம் அபராதம், இல்லை இரண்டும். பணம் கைமாறியிருந்தால் அது குழந்தை விற்பனை. ஐந்து வருடம் வரை கடுங்காவல். அப்படி ஏதாவது தெரியவந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

இனி மாமியார் சொன்னது. அவர் மேல் கோபப்படாதீர்கள். பிள்ளை இல்லாத மருமகளை வளைகாப்பில் பின்வரிசையில் உட்கார வைத்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவர். பொய் சொல்லியாவது உங்களைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறார். நினைப்பு நல்லதுதான், ஆனால் அந்தப் பொய்யைக் கடைசியில் சுமக்கப் போவது யார் என்று அவர் யோசிக்கவில்லை.

உங்கள் பையனுக்கு நான்கரை வயது. உங்களிடம் வருவதற்கு முன்னால் தற்காலிகமாக வைத்து வளர்க்கும் ஒரு ஃபாஸ்டர் அம்மா வீட்டில் இருந்திருப்பான். அந்த வீட்டு நாயின் பெயர் தெரியும், அங்கே என்ன நிறப் போர்வை என்று தெரியும். அவனுடைய வாழ்க்கையைப் படங்களோடு சொல்லும் புத்தகம் ஒன்றைக் கவுன்சில் தயார் செய்திருக்கும், இல்லையென்றால் சீக்கிரமே கையில் கொடுக்கும். இப்படிப்பட்டவன் தண்டையார்பேட்டை ஹாலில் உங்கள் அண்ணன் பிள்ளைகளோடு விளையாடும்போது, என் இன்னொரு வீட்டில் இப்படி ஒரு கார் இருந்தது என்று சொல்லத்தான் செய்வான். அவர்கள் எல்லாரும் இங்கிலீஷ் மீடியம், நன்றாகவே புரியும். அப்போது யார் அவன் வாயைப் பொத்துவது? அவன் சொன்னது உண்மை, ஆனால் அதைக் கேட்டு அம்மாவின் முகம் மாறுகிறது. என்னைப் பற்றி ஏதோ சொல்லக் கூடாத விஷயம் இருக்கிறது என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். பதினெட்டு வயதானால் தன் முதல் பிறப்புச் சான்றிதழை அவனே கேட்டு வாங்கிக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. ஆக, மறைத்தாலும் தங்காது.

அதற்காக எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லவும் வேண்டாம். அதைவிட மோசமான தப்பு அது. தத்துப் பிள்ளை என்று சொல்லுங்கள். யார் பெற்றார்கள், ஏன் விட்டார்கள், எந்த இனம், எந்த மதம், அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் அவனுடைய சொத்து. அதை மாமியாரிடம்கூடச் சொல்லாதீர்கள். சொன்னால் அன்று சாயங்காலமே கல்மண்டபம் மார்க்கெட்டில் இருக்கும். "பாவம், அம்மாக்காரி சரியில்லயாம்" என்று ஒரு பெரியம்மா தலையைத் தடவிச் சொல்வார். அந்தத் தமிழ் இன்றைக்கு அவனுக்குப் புரியாது, இரண்டு வருடத்தில் புரிந்துவிடும்.

கேட்பவர்களுக்கு ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள், கணவரும் அதையே சொல்லட்டும். "ஆமா சித்தி, தத்தெடுத்தோம். எங்க புள்ள. மத்ததெல்லாம் அவன் பெரியவனாகிச் சொல்லணும்னு தோணினா சொல்லட்டும்." சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அவர் மகளுக்கு வரன் பார்க்கும் விஷயம் எதுவரை வந்திருக்கிறது என்று கேளுங்கள். பேச்சு திரும்பிவிடும்.

இரண்டு பேச்சுகளுக்கு மட்டும் சிரிக்காதீர்கள். ஒன்று, "இவன் வந்த ராசி, அடுத்த வருஷம் உனக்குன்னு ஒண்ணு பொறக்கும் பாரு." ஆசீர்வாதமாகத்தான் சொல்வார்கள். நீ வெறும் வழிகாட்டி, நிஜப் பிள்ளை பின்னால் வருகிறது என்று அவன் எதிரில் சொல்வதற்குச் சமம் அது. இன்னொன்று, "எவ்ளோ பெரிய புண்ணியம் பண்ணியிருக்கீங்க!" பிள்ளையை வளர்ப்பது தர்மகாரியம் ஆகிவிட்டால், அவன் ஆயுள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், மரியாதையாக, ஆனால் அவன் காதில் விழும்படி.

இப்போது தலையணைக்கு அடியில் இருந்த டோஸ்ட். உங்கள் கடிதத்தில் எனக்கு இதுதான் முக்கியம். ஊரில் என்ன நினைப்பார்கள் என்பதைத் தள்ளி வையுங்கள். ஒரு மாதமாக என்கிறீர்கள். பெட்டியை ஹாலில் இறக்கியது எப்போது? அதுவும் அந்த நேரமாகத்தான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது. உங்களுக்கு அந்தப் பெட்டி பொங்கல், அம்மா வீடு, காசிமேட்டு மீன். அவன் அனுபவத்தில் பெட்டி கட்டினால் அடுத்து நடந்தது ஒன்றே ஒன்றுதான்: பெரியவர்கள் சிரித்த முகமாக அவனை ஒரு காரில் ஏற்றி வேறு வீட்டில் விட்டார்கள். ஜூலையில் உங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தானே? போகிற இடத்தில் எப்போது சாப்பாடு கிடைக்குமோ என்று அவன் கட்டுச்சோறு கட்டுகிறான்.

இன்றைக்கே பெட்டிகளைக் கண்ணில் படாமல் பரணில் ஏற்றுங்கள். ஊருக்குப் போவது தள்ளிப்போயிருக்கிறது, போகும்போது மூன்று பேரும் சேர்ந்துதான் போவோம், மூன்று பேரும் இதே வீட்டுக்குத் திரும்பி வருவோம் என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது. சாப்பாட்டை ஒளித்து வைப்பதைக் கண்டுபிடித்தாற்போல் காட்டிக்கொள்ளாதீர்கள், பையைச் சோதனை போடாதீர்கள், கெட்டுப்போனதை அவன் ஸ்கூலில் இருக்கும்போது எடுத்துப் போடுங்கள். மூடியுள்ள ஒரு சின்ன டப்பாவை அவனுக்கென்று கொடுங்கள். அதில் பிஸ்கட், வறுகடலை, உலர்ந்த திராட்சை. படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காலியாவதற்கு முன்னால் நீங்கள் நிரப்பிவிட வேண்டும். சாப்பிடாதவனுக்கு லஞ்சமாகவோ, சாப்பிட்டவனுக்குப் பரிசாகவோ அந்த டப்பாவை ஆக்கிவிடாதீர்கள். சில பிள்ளைகள் வாரக்கணக்கில் அதைத் தொடவே மாட்டார்கள். இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். வாந்தி எடுக்கும் அளவுக்குச் சாப்பிட்டாலோ, ராத்திரியில் எழுந்து தேடினாலோ உங்கள் சோஷியல் வொர்க்கரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். சொன்னால் ஆணைக்கு இடைஞ்சல் வருமோ என்று பயப்பட வேண்டாம். அவர்கள் இதையெல்லாம் நிறையப் பார்த்தவர்கள். மறைத்தால்தான் யோசிப்பார்கள்.

எப்போது வரலாம் என்கிறீர்களா? எல்லாம் கைக்கு வந்துவிட்டால், ஸ்கூல் ஈஸ்டர் விடுமுறையில், சித்திரைப் பிறப்பை ஒட்டி வாருங்கள். வெயில் கொளுத்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போகியின் விடியற்காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? தெருவுக்குத் தெரு சின்னப் பறைகளை அடித்துக்கொண்டு, பழையதைக் கொளுத்தி, ஊரே புகைமூட்டமாக இருக்கும். அந்தப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்களே தடுமாறிய வருடங்கள் உண்டு. முதல் தடவை வருகிற பிள்ளை விழித்துப் பார்க்க வேண்டிய காட்சி இல்லை அது. சித்திரையில் இன்னொரு லாபம்: அண்ணன் பிள்ளைகளுக்கு அது பரீட்சை நேரம், கூட்டம் தானாகவே குறையும்.

அதற்குள் மாமியாரோடு அவனுக்குப் பழக்கம் வர வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், ஒரே நேரத்தில், பத்து நிமிஷ வீடியோ கால். "பாட்டிக்கு முத்தம் குடு" என்று கேட்க வேண்டாம். அவர் மீன் கழுவுவதையோ கோலம் போடுவதையோ காட்டட்டும். முடிந்தால் மாமியாரும் மாமனாரும் விசிட்டர் விசாவில் முதலில் அங்கே வந்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. தன் வீட்டில், தன் பொம்மைகளுக்கு நடுவில் பாட்டியைப் பார்த்துவிட்டால், பாட்டியின் வீட்டில் அவனுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

வந்த பிறகு ஒரு விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும், வருத்தமும் வரும். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, விழுந்தால் தூக்குவது எல்லாம் நீங்களும் கணவரும் மட்டும். உங்கள் சோஷியல் வொர்க்கர் அங்கே ஏற்கெனவே சொல்லியிருப்பார். நம் வீடுகளில் குழந்தை கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கும், அதுதான் அழகு. ஆனால் கைக்குக் கை மாறியே வளர்ந்த பிள்ளைக்கு, இந்த இரண்டு கைதான் என் கை என்று உடம்புக்கு முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்த பிறகு பாட்டி, மாமா, அத்தை எல்லாரும் வரலாம். மாமியார் ஒதுக்கிவிட்டதாக நினைக்காமல் இருக்க ஒரு வேலை கொடுங்கள்: வஞ்சிரத்தைக் காரம் குறைத்து அவர் வறுக்கட்டும், முள் எடுத்துத் தட்டில் வைக்கட்டும், பக்கத்தில் உட்காரட்டும். பாட்டி உனக்காகச் செய்தது என்று சொல்லி வாயில் வைப்பது நீங்கள். ராத்திரி ஹாலில் பாய் விரித்துப் பிள்ளைகளோடு வரிசையாகப் படுக்க வைப்பதும் இந்தத் தடவை வேண்டாம். மாடி போர்ஷன் இருந்தால் மூன்று பேரும் அங்கே படுங்கள். ஹோட்டலில் தங்கினால் அக்கம்பக்கத்தில் பெரிய கதையாகிவிடும் என்று எனக்கும் தெரியும்.

மொட்டையும் காதுகுத்தும் இந்தப் பயணத்தில் கிடையாது. ஆணை வந்த பிறகு சட்டம் தடுக்காது, நான்தான் தடுக்கிறேன். காதுகுத்து எப்படி நடக்கும்? அன்றைக்குத்தான் பார்த்த ஒரு மாமா மடியில் இறுக்கிப் பிடிப்பார், இன்னொருவர் தலையைப் பிடிப்பார், மேளம் உச்சத்தில் போகும், அம்மா எதிரில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். கைக்குழந்தை அழுதுவிட்டு மறந்துவிடும். நான்கரை வயதில், வேறு வீடுகளைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை மறக்காது. அதிலும் அம்மா காப்பாற்றவில்லை என்பதை மறக்கவே மாட்டான். வடிவுடையம்மன் சன்னிதியில் கூட்டமில்லாத நாளில் ஒரு அர்ச்சனை பண்ணிவிட்டு வாருங்கள். வேண்டுதலாக இருந்தால் மாமியார் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கட்டும்; சாமி ஒன்றும் அவசரப்படுத்தாது. அண்ணனிடம் சொல்லுங்கள், மடியில் உட்கார வைப்பதற்கு முன்னால் அவனோடு ஒரு ஆட்டம் கேரம் ஆடட்டும்.

போட்டோவைப் பற்றி எழுதாமல் விட்டால் தப்பாகிவிடும். ஆணைக்கு முன்னால் அவன் முகம் எந்த வாட்ஸ்அப் குரூப்புக்கும் போகக் கூடாது, கவுன்சிலே சொல்லியிருக்கும். ஆணைக்குப் பிறகும் ஸ்டேட்டஸ், ரீல்ஸ், ஃபேஸ்புக் வேண்டாம். பெற்ற குடும்பம் அதே நாட்டில் இருக்கிறது. ஸ்கூல் யூனிஃபார்மோடு ஒரு படம், கீழே ஊர்ப் பெயர் போட்டு ஒரு மாமாவின் வாழ்த்து. தேடுகிறவர்களுக்கு அது போதும். சித்தப்பா பையன்தான் இதில் ஆபத்தானவன், அவனிடம் தனியாகச் சொல்லுங்கள். ஒரே ஒரு குடும்பப் படம் எடுத்து ஃப்ரேம் போட்டு மாமியார் வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் மாமியாரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் கணவர். மருமகள் சொன்னால் அது மருமகளின் பிடிவாதம். மகன் சொன்னால் நாலு நாள் முகம் தூக்கிவிட்டுக் கேட்டுக்கொள்வார். ஸ்பீக்கரில் போட்டு நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு பேச வேண்டாம். கணவர் தனியாகக் கூப்பிட்டு, முதல் வார்த்தையாக, பொங்கலுக்கு வரவில்லை, கோர்ட் வேலை முடியவில்லை என்று சொல்லட்டும். அது உண்மையும்கூட. தத்து என்பதை மறைக்கப் போவதில்லை என்பதை இன்னொரு நாள் சொல்லட்டும். இரண்டையும் ஒரே போனில் போட்டால் இரண்டுமே கெட்டுவிடும்.

டிக்கெட்டை டிசம்பர் 16 வரை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். புறப்படும் நாள் நெருங்க நெருங்க மாற்றும் கட்டணமும் விலை வித்தியாசமும் ஏறும். இந்த வாரமே ஏஜென்ட்டைக் கூப்பிட்டு, தேதி போடாமல் ஓபனாக வைக்க முடியுமா என்று கேளுங்கள்; முடியாது என்றால் பையனின் டிக்கெட்டை மட்டுமாவது ரத்து செய்துவிடுங்கள், எப்படியும் அது புதுப் பெயரில் புதிதாகத்தான் போட வேண்டும்.